சாவா மூவாப் பேராடும் நாலாம் லெவல் வியாபாரியும்

அரியலூர்ச் சீமையில் முதன்முதலாக டெபாசிட் போட்டது கடல். பத்துப் பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் உள்ளே வந்தது. சில கோடி ஆண்டுகள் சாவகாசமாக உட்கார்ந்தது. சிப்பி, நத்தை, அம்மோனைட், சுறாப்பல் என்று கையிருப்பு மொத்தத்தையும் அடியில் இறக்கிவிட்டுக் கிழக்கே கிளம்பிப் போய்விட்டது. ரசீது வாங்கவில்லை, நாமினி பெயரும் போடவில்லை. அந்த வைப்புத்தொகைதான் இன்றைய சுண்ணாம்புக்கல். சிமென்ட் ஆலைகள் பல காலமாக அசலிலேயே கை வைத்துக்கொண்டிருக்கின்றன. கடலிடமிருந்து இன்றுவரை ஒரு வக்கீல் நோட்டீஸ்கூட வரவில்லை.

பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர். அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டு என்கிறார்கள். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார். தேய்மானம் போடுகிறவர்களுக்கு இந்த மரம் பெரிய தொந்தரவு. கம்பெனிச் சட்டம் மேசை நாற்காலிக்குப் பத்து வருடம், கம்ப்யூட்டருக்கு மூன்று வருடம் என்று ஆயுள் குறித்துக் கொடுத்திருக்கிறது. இந்த மரச்சாமானோ 12 கோடி வருடம் கழித்தும் தேயாமல், மதிப்பு ஏறிக்கொண்டு, சுற்றிலும் வேலி போட்ட தேசியச் சின்னமாகக் கிடக்கிறது.

மதிப்பு ஏறினால் இறங்கவும் செய்யும். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண்ணைத் தோண்டியபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. வாட்ஸ்அப்பில் அவை டைனோசர் முட்டைகள் ஆயின. ஊரே திரண்டு வந்து செல்ஃபி எடுத்தது. விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, இவை முட்டை இல்லையப்பா, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளில் ‘ஃபேர் வேல்யூ’ என்று ஒன்று உண்டு. சந்தையில் நாலு பேர் என்ன விலைக்கு ஒப்புக்கொள்வார்களோ அதுதான் மதிப்பு. குன்னத்தில் சில நாட்கள் அது முட்டை, பிறகு கல். நடுவில் பேலன்ஸ் ஷீட் தேதி வராமல் போனது ஊர் செய்த புண்ணியம்.

இப்படிப்பட்ட மண்ணில் கடை வைத்திருப்பவருக்கு லண்டனில் எழுதிய இந்தச் சர்வதேசக் கணக்கு முறை பொருந்துமா என்று கேட்டால், முதலில் இங்கே என்னென்ன முறைகள் ஓடி ஓய்ந்தன என்று பார்ப்பதே நியாயம்.

கங்கைத் தண்ணீரின் அடக்க விலை

பதினோராம் நூற்றாண்டு. ராஜேந்திர சோழனின் படை வடக்கே போய்க் கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்தது. அந்த வெற்றியின் பெயரால் எழுந்த தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரம். இன்றைய முகவரி அரியலூர் மாவட்டம், ஜெயங்கொண்டம் அருகே. அங்கே வெட்டிய ஏரிக்குச் சோழகங்கம் என்று பெயர். திருவாலங்காட்டுச் செப்பேடு அந்த ஏரியை நீராலான வெற்றித்தூண் என்று வருணிக்கிறது. நம் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் வாத்தியார்கள் நீர்மைச் சொத்து, நீர்மை விகிதம் என்று போர்டில் எழுதுவார்களே, அதை அப்படியே நிறைவேற்றிக் காட்டிய ஒரே மன்னன் ராஜேந்திரன்தான்.

இந்தச் சரக்கைக் கணக்கில் எப்படி ஏற்றுவது? இந்தியக் கணக்கியல் தரநிலையான ஏஎஸ் 2, சர்வதேசத் தரநிலையான ஐஏஎஸ் 2 இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. சரக்கின் அடக்க விலை என்பது கொள்முதல் விலையும், அதை இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க ஆன செலவும். கங்கையில் கொள்முதல் விலை பூஜ்யம். வண்டிக்கூலி மட்டும் ஒரு முழுப் படையெடுப்பு. தோற்ற அரசர்கள் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். அப்படியானால் சுமைக்கூலி மிச்சம். ஆனாலும் யானை, குதிரை, சேனை, சோறு எல்லாவற்றையும் குடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், உலக வரலாற்றிலேயே அதிக விலையுள்ள தண்ணீர் அதுதான்.

அதே ஏஎஸ் 2 அடுத்த வரியில் இன்னொன்றும் சொல்கிறது. அடக்க விலை, விற்றால் கைக்கு வரும் நிகர விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். ஜெயங்கொண்டத்துக் குடியானவருக்குக் கங்கைத் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் ஒன்றே. மடையைத் திறந்தால் நெல் விளைய வேண்டும், அவ்வளவுதான். ஆக முழுப் படையெடுப்பையும் நஷ்டத்தில் எழுதிவிட்டுச் சரக்கைக் குளத்துத் தண்ணீர் விலைக்கு இறக்க வேண்டும். இதை ராஜேந்திரனிடம் எடுத்துச் சொல்லத் தணிக்கையாளர் யாரும் முன்வந்ததாகக் கல்வெட்டு இல்லை. ஆட்சேபக் குறிப்புடன் தணிக்கை அறிக்கை கொடுக்கும் வழக்கம் கழுத்துக்குப் பாதுகாப்பு வந்த பிறகே வளர்ந்திருக்க வேண்டும்.

செத்தாலும் சாகாத ஆடு

பேரரசனின் கணக்கு அப்படி. சின்ன ஆளுக்கு, அதாவது ஆடு மேய்ப்பவருக்கு, சோழர்கள் வைத்த கணக்கு முறை வேறு. அது அபாரமானது.

கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும். நன்கொடையாளர் 96 ஆடுகளைக் கொடுப்பார். ஆடுகள் மேய்ப்பவரிடம் போகும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டில் அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சாகாது, மூப்படையாது. ஆடு சாகும் என்று சோழர்களுக்குத் தெரியாதா என்ன? கணக்கில் சாகாது, அவ்வளவுதான். கிடா போகட்டும், கிழடு போகட்டும், நோய் வரட்டும். குட்டி போட்டு எண்ணிக்கையை நேர் செய்துகொள்வது மேய்ப்பவர் பாடு. தொண்ணூற்றாறுக்கு மேல் பெருகினால் அவர் லாபம். குறைந்தால் அவர் தலைவலி. பழுவேட்டரையர்கள் ஆண்ட பழுவூர்ப் பக்கம் தொடங்கிச் சோழநாடெங்கும் இதுதான் நடைமுறை.

இதையே இன்றைய சர்வதேச முறைக்குக் கொண்டுபோனால் ஐஏஎஸ் 41 என்ற வேளாண்மைத் தரநிலை வந்து நிற்கும். 2000 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தார்கள். அதன்படி ஆடு ஓர் உயிரியல் சொத்து. ஒவ்வொரு பேலன்ஸ் ஷீட் தேதியிலும் அதன் ஃபேர் வேல்யூவைக் கண்டுபிடித்து, விற்கும் செலவைக் கழித்து எழுத வேண்டும். ஏறின விலை லாபம், இறங்கின விலை நஷ்டம். ஆட்டை விற்காவிட்டாலும் சரி. மேய்ப்பவர் 96 ஆட்டையும் ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போய், விலை கேட்டுவிட்டு, விற்காமல் திரும்பி வந்து, “சாமி, இந்த வருசம் எனக்கு லாபம்” என்று சொல்ல வேண்டும். கோயில் கணக்கர் கேட்பார்: “அது இருக்கட்டும்ப்பா, நெய் எங்கே?”

அந்த ஒரு கேள்வியில்தான் சோழர் முறையின் சூட்சுமம் இருக்கிறது. விளக்கு எரிகிறதா, இல்லையா? அதைப் பார்க்க ஆடிட்டர் வேண்டாம். கண் இருந்தால் போதும். ஊரான் வீட்டு நெய்யே என்று யாரும் கை வைத்துவிடாதபடி அளவும் கல்லில் வெட்டிக் கிடந்தது. கணக்கைக் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் ஒரே அளவு, ஒரே உழக்கு. பிற்பாடு வந்த எந்தப் புத்திசாலி முறையிலும் இந்த வசதி இல்லை.

மச்சானும் சம்பந்தப்பட்ட தரப்பினரே

சோழர்களை ரொம்பவும் அப்பாவிகளாக நினைத்துவிடக் கூடாது. காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், வாரியத் தேர்தலுக்கு விதி வெட்டி வைத்தார்கள். குடவோலை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்துவிட்டு மறந்திருப்போம். அதில் ஒரு விதி: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல. அவருடைய பெரியம்மா மகன், சின்னம்மா மகன், அத்தை மகன், மாமா மகன், தாய்மாமன், மாமனார், மைத்துனர், மருமகன், அப்பா, பிள்ளை என்று கல்யாணப் பத்திரிகையில் போடும் அத்தனை பேரும் நிற்க முடியாது.

இதைச் சர்வதேசக் கணக்கியலில் ‘சம்பந்தப்பட்ட தரப்பினர்’ என்பார்கள். ஐஏஎஸ் 24. இந்தியாவில் ஏஎஸ் 18. ஒரு நிறுவனம் யார் யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறது, அவர்களில் உறவுக்காரர் யார் என்று வெளிச்சம் போட்டுக் காட்ட வேண்டும். பெரிய கம்பெனிக்கு இது அவசியம்; முதலாளியின் மச்சானிடம் இரட்டிப்பு விலைக்கு இரும்பு வாங்கினால் பங்குதாரர் பணம் போகும். பெரம்பலூர்ப் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பாத்திரக் கடைக்கு இதைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? கடை வாடகைக்கு எடுத்தது சித்தப்பாவிடம். முதல் போட்டது மாமனார். சரக்கு கும்பகோணத்துச் சகலையிடம். கல்லாவில் உட்கார்ந்திருப்பது தம்பி. கடன் சொல்லிப் போகிறவர்களில் பாதிப்பேர் பங்காளிகள். சம்பந்தப்படாத தரப்பினர் யார் என்று எழுதினால் பட்டியல் சின்னதாக முடியும்.

நவாப்பின் நாமக் கணக்கு

எண்ணூறு வருடத்தை ஒரே தாண்டாகத் தாண்டுவோம். பதினெட்டாம் நூற்றாண்டு. அரியலூரிலும் உடையார்பாளையத்திலும் பாளையக்காரர்கள். மேலே ஆற்காட்டு நவாப். அதற்கும் மேலே, பணிவாகக் கை கட்டியபடி, கிழக்கிந்தியக் கம்பெனி.

1751இல் பெரம்பலூர் பக்கத்து வாலிகண்டபுரத்தில் ஒரு வேடிக்கை. ரஞ்சன்குடிக் கோட்டைக்காரரிடம் ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும், மறுபக்கம் முகமது அலியும் ஆங்கிலேயர்களும் வந்து, எங்கள் பக்கம் சேர் என்றார்கள். கோட்டைக்காரர் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எதிர்காலத்தில் ஏதாவது நடந்தால்தான் பொறுப்பு வரும், நடக்காமலும் போகலாம் என்ற நிலைக்குக் கணக்கியலில் எதிர்பாராப் பொறுப்பு என்று பெயர். அதை பேலன்ஸ் ஷீட்டில் ஏற்றாமல் அடிக்குறிப்பில் போட்டால் போதும். கோட்டைக்காரர் இரண்டு படைகளையும் அடிக்குறிப்பில் போட்டுவிட்டு மதில்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் ஜெயித்து நவாப் ஆனது முகமது அலி. ஜெயித்துக் கொடுத்ததற்குக் கம்பெனி பில் போட்டது. நவாப் பாளையக்காரர்களிடம் கப்பம் கேட்டுப் படை அனுப்பினார். படைக்கு ஆன செலவையும் கம்பெனி பில்லில் சேர்த்தது. நவாப் என்ன செய்தார்? கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கம்பெனி குமாஸ்தாக்களிடமே கந்து வட்டிக்கு வாங்கிக் கம்பெனிக்குக் கட்டினார். வாங்கிய கடனுக்கு ஜில்லா ஜில்லாவாக வரி வசூலை அடமானம் எழுதினார். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நவாப்புக்குத் தெரியாது. கொடுத்தவர்களுக்கோ கொடுக்காத பணத்துக்கும் பத்திரம் இருந்தது. 1785இல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தக் கடனைப் பற்றி முழங்கிய உரை புகழ்பெற்றது. 1801இல் கம்பெனி நவாப்பின் கர்நாடகத்தையே எடுத்துக்கொண்டது. 1805இல் கடன்களை ஆராய ஒரு கமிஷன் போட்டார்கள். அது இருபத்தைந்து வருடம் போல உட்கார்ந்து, வந்த கோரிக்கைகளில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தது.

கப்பம் கட்டியது உடையார்பாளையத்துக் குடியானவன். வட்டி தின்றது லண்டனில் மாளிகை கட்டியவன். உலகத்துக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும் தகுதி அந்த லண்டனுக்கு எப்படி வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம். அனுபவம்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் கிராமக் கணக்கு கர்ணத்திடம் இருந்தது. அவர் எழுதியதுதான் நிலம், அவர் எழுதாதது புறம்போக்கு. பரம்பரையாக வந்த அந்தப் பேனாவை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் பிடுங்கிக்கொண்டது. கர்ணம் போய் வி.ஏ.ஓ. வந்தார். கணக்கு மட்டும் அப்படியே இருந்தது.

லண்டனில் ஒரு ஜூன் மாதம்

1973 ஜூன் 29. ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான், மெக்சிகோ, நெதர்லாந்து, பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கணக்கர் சங்கங்கள் லண்டனில் கூடி, சர்வதேசக் கணக்கியல் தரநிலைக் குழுவை ஆரம்பித்தன. முதல் தலைவர் சர் ஹென்றி பென்சன். பட்டியலில் இந்தியா இல்லை. உழக்கு, மரக்கால், முந்திரி, காணி என்று பின்னத்தின் பின்னம் வரை கணக்குப் பார்த்த கூட்டத்தை யாரும் கூப்பிடவில்லை. நாமும் கோபித்துக்கொள்ளவில்லை. 1977 ஏப்ரல் 21 அன்று இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் சொந்தமாக ஒரு தரநிலை வாரியத்தைப் போட்டது. 1979இல் ஏஎஸ் 1 வந்தது. அதே வருடம் அரியலூரில் அரசு சிமென்ட் ஆலையும் வந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது இரண்டாவது செய்தி மட்டும்தான்.

லண்டன் குழு 2001இல் வாரியமாக உயர்ந்தது. தரநிலைகள் பெருத்து ஐஎஃப்ஆர்எஸ் ஆகிச் சுமார் மூவாயிரம் பக்கத்தைத் தொட்டன. குருவி தலையில் பனங்காயா என்று சின்ன நாடுகளும் சின்னக் கம்பெனிகளும் முனகின. வாரியம் இரக்கப்பட்டு, சின்னவர்களுக்குத் தனியாக ஒன்று எழுதுகிறோம் என்றது. சின்னவர்கள் என்றால் யார் என்பதில் தகராறு. முதலில் சிறு, நடுத்தர நிறுவனங்கள் என்று பெயர் வைத்தார்கள். 2008இல் தனியார் நிறுவனங்கள் என்று மாற்றினார்கள். 2009 தொடக்கத்தில் பொதுமக்களுக்குக் கணக்குச் சொல்லும் கடமையில்லாத நிறுவனங்கள் என்று வாய் வலிக்கும் பெயருக்குப் போனார்கள். அதே வருடம் ஜூலையில் வெளியிடும்போது மறுபடி சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கே வந்து சேர்ந்தார்கள்.

அரியலூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரி 1 அன்று அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் 31 அன்று திரும்பப் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடி பிரிந்தது. இணைப்புக்கும் பிரிப்புக்கும் தனித்தனித் தரநிலை வைத்திருக்கும் ஆடிட்டர்கள் மூன்று முறை ஃபீஸ் வாங்கியிருக்கலாம். மாவட்ட மக்கள் கலெக்டர் ஆபீஸுக்கு எந்த பஸ் ஏறுவது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நாலாம் லெவல்

2009இல் வந்த சிறு நிறுவனத் தரநிலை சுமார் 230 பக்கம், 35 பிரிவு. மூவாயிரத்தோடு பார்த்தால் கைக்கு அடக்கம். பல நாடுகள் எடுத்துக்கொண்டன. இலங்கை 2012இலிருந்து நடைமுறைப்படுத்தியது. 2025 பிப்ரவரியில் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. இந்தியா மட்டும், நன்றி, எங்கள் வீட்டிலேயே சமைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது.

நம் சமையல் இப்படி. பெரிய கம்பெனிகளுக்கு ஐஎஃப்ஆர்எஸ்ஸை ஒட்டி எழுதிய இண்ட் ஏஎஸ். அது 2011 ஏப்ரலில் வருவதாக இருந்தது. தேதி போடாமல் இணையதளத்தில் தூங்கியது. 2015இல் புதிதாக அறிவிக்கப்பட்டு, முதலில் 500 கோடி நிகர மதிப்புள்ள கம்பெனிகளுக்கு 2016 ஏப்ரலில் கட்டாயமானது. இண்ட் ஏஎஸ் வலைக்குள் வராத கம்பெனிகளுக்குப் பழைய ஏஎஸ். கம்பெனியே இல்லாத தனிக்கடை, கூட்டு வியாபாரம் போன்றவற்றுக்கு நாலு லெவல் வைத்திருந்தார்கள். வருட விற்றுமுதல் 10 கோடியைத் தாண்டாமல், கடன் 2 கோடியைத் தாண்டாமல் இருந்தவர் நாலாம் லெவல். இரண்டு மாவட்டத்துக் கடைவீதியையும் சல்லடை போட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் இந்த லெவலில்தான் சேர்ந்திருப்பார்கள்.

நாலாம் லெவலுக்குச் சலுகைகள் தாராளமாக இருந்தன. பணப்புழக்க அறிக்கை வேண்டாம். சம்பந்தப்பட்ட தரப்பினர் பட்டியல் வேண்டாம், மச்சான் பிழைத்தார். தொழில் பிரிவு வாரியான அறிக்கை வேண்டாம். ஒரு பங்குக்கு எவ்வளவு வருமானம் என்று சொல்ல வேண்டாம். கடைக்காரருக்குப் பங்கே கிடையாது என்பதால் இந்தச் சலுகை கல்யாணமாகாதவருக்குக் கொடுத்த விவாகரத்து போன்றது. லண்டன் புத்தகத்தைத் திறந்தாலோ சின்னவருக்கும் பணப்புழக்க அறிக்கை கட்டாயம். இதில் எது கருணை என்பது விவாதத்துக்கு உரியது. கடைக்காரர் மாதக்கடைசியில் திணறுவது லாபம் இல்லாமல் அல்ல, கையில் பணம் இல்லாமல். அவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரே தாளை நாம் ‘பொருந்தாது’ என்று மன்னித்துவிட்டோம்.

மிச்சமிருப்பதில் எது பொருந்தும்? செட்டிகுளம் பக்கம் போவோம். சின்ன வெங்காயப் பூமி. ஒரு வியாபாரி மாசியில் கிலோ 40 ரூபாய்க்கு 10 டன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் 4 லட்சம். அதைப் பட்டறை போடுகிறார்: தரையிலிருந்து தூக்கிக் கட்டிய மேடை, காற்றுப் புகும்படி பக்கவாட்டில் கம்பும் படலும், மேலே கீற்று. விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். வெங்காயம் காத்திருப்பதில்லை. காய்ந்து எடை குறையும், அழுகும், முளைக்கும். மார்ச் 31 அன்று எட்டரை டன் நிற்கிறது. சந்தை விலை 30. சாக்கு, லாரி, கூலி, கமிஷன் என்று கிலோவுக்கு 4 ரூபாய் போனால் கைக்கு 26. ஏஎஸ் 2 சொல்லும் சரக்கு மதிப்பு 2 லட்சத்து 21 ஆயிரம்.

ஆடிட்டர் எழுதப் போவார். வியாபாரி தடுப்பார்.

“சார், இன்னும் விக்கவே இல்லியே, அதுக்குள்ள எதுக்கு நட்டம்? வைகாசில எம்பது போகும் பாருங்க.”

“போனா அடுத்த வருசம் லாபத்துல வரும்ணே.”

“அப்ப இன்கம்டாக்ஸுக்கு ரெண்டே கால்னு எழுதுங்க. பேங்குக்கு மட்டும் ஆறரைன்னு ஒரு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் குடுத்துருங்க.”

தரநிலையின் முழுத் தத்துவமும் இந்த மூன்று வரியில் அடங்கிவிட்டது. ஒரே வெங்காயம், ஒரே பட்டறை, ஒரே தேதி; கேட்கிற ஆளுக்குத் தகுந்தாற்போல் எடை. இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைச் சொல்லு என்பதுதான் ஏஎஸ் 2இன் கோரிக்கை. விலை எண்பதுக்கு ஏறினாலும் 4 லட்சத்துக்கு மேல் காட்டாதே, இறங்கினால் இன்றே ஒப்புக்கொள். இது லண்டன் சரக்கு என்பதற்காகத் தள்ள வேண்டியதில்லை. பட்டறை போடுகிற எந்தப் பெரியவரும் மகனுக்குச் சொல்லிக் கொடுக்கும் புத்திதான். அவர் அதற்குப் பத்தி எண் போட்டிருக்க மாட்டார்.

அரசாங்கம் வைத்திருக்கும் பேராடு

நாலாம் லெவல் வியாபாரியின் வாழ்க்கையை நடத்துவது ஏஎஸ்ஸும் அல்ல, ஐஎஃப்ஆர்எஸ்ஸும் அல்ல. வருமான வரிச் சட்டம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, 2 கோடி வரை விற்பவரைப் பார்த்து, கணக்குப் புத்தகம் வேண்டாமப்பா, விற்றதில் 8 சதவீதம் லாபம் என்று ஒப்புக்கொள், வங்கி வழியாக வந்ததற்கு 6 போதும் என்றது. அடுத்தது 44ஏஇ. பத்து லாரி வரை வைத்திருப்பவருக்கு. 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக லாரி என்றால் மொத்த எடையில் ஒவ்வொரு டன்னுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் வருமானம். 28 டன் லாரி, மாதம் 28 ஆயிரம். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் புழுதியில் ஓடினாலும் சரி, டயர் வாங்கக் காசில்லாமல் வீட்டு வாசலில் நின்றாலும் சரி.

உற்றுப் பாருங்கள். 96 ஆடு, ஓர் உழக்கு நெய். 28 டன் லாரி, 28 ஆயிரம் ரூபாய். லாரி சாகாது, மூப்படையாது. சோழர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். தேய்மானக் கழிவு கேட்டால், அதெல்லாம் ஏற்கெனவே கழித்தாயிற்று என்று சட்டமே பதில் சொல்கிறது. ஆயிரம் வருட ஆராய்ச்சிக்குப் பிறகு சின்ன ஆளுக்குப் பொருத்தமான முறை எது என்றால், அரசாங்கங்கள் எல்லாம் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன: அவனைக் கணக்கு எழுதச் சொல்லாதே, நெய்யை மட்டும் அளக்கச் சொல்.

வசூலிப்பவருக்கு இது சௌகரியம். கட்டுபவருக்கும் நிம்மதி. ஒரே குறை, லாரிக்காரருக்குத் தன் லாரி சம்பாதிக்கிறதா, தன்னைத் தின்கிறதா என்று கடைசிவரை தெரியாது. கோயில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மேய்ப்பவர் வீட்டு விளக்கைப் பற்றி எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை.

கணக்கு யார் படிப்பதற்கு என்ற கேள்வியில்தான் எல்லாத் தரநிலையும் நிற்கிறது, விழுகிறது. லண்டன் வாரியத்தின் வாசகர் முகம் தெரியாத முதலீட்டாளர். பெரம்பலூர்க் கடைக்கு அப்படியொருவர் வந்ததில்லை, வரப்போவதுமில்லை. வரும் வாசகர் இருவர். ஒருவர் வங்கி மேனேஜர். அஞ்சு மாதம் தாங்காத வெங்காயத்துக்கு அஞ்சு வருட உத்தேச பேலன்ஸ் ஷீட் கேட்பவர். அதை ஆடிட்டர் எழுதிக் கொடுப்பார், கிடைத்தால். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் வாரத்தில் திங்களும் வெள்ளியும் நடை திறந்து தரிசனம் தருகிறாள். செப்டம்பர் மாதத்து ஆடிட்டரிடம் அந்த உத்தரவாதமும் கிடையாது.

இரண்டாவது வாசகர், கூடப்பிறந்த தம்பி. பாகப்பிரிவினை அன்று வருவார். அதுவரை “அண்ணன் பாத்துக்குவாரு” என்றிருந்தவர், அன்று மட்டும் எந்தச் சர்வதேச வாரியமும் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்பார். முதல் யாருடையது? 2014இல் வாங்கிய மனை கடைப் பணத்திலா, உங்கள் பணத்திலா? அண்ணி நகை அடமானத்தில் வந்தது கடனா, முதலா? ஊர்க்காரர்களிடம் நிற்கும் எட்டு லட்சம் பாக்கியில் வரக்கூடியது எவ்வளவு? இரண்டு மாவட்டங்களையும் ஏழே வருடத்தில் பிரித்து, சேர்த்து, மறுபடி பிரித்த அரசாங்கத்துக்குக்கூட இவ்வளவு சிரமம் வந்திருக்காது.

அந்த நாளுக்குத் தயாராக இருக்கும் கணக்கே சின்ன வியாபாரிக்குப் பொருத்தமான கணக்கு. மூவாயிரம் பக்கத்திலிருந்தும் 230 பக்கத்திலிருந்தும் அவர் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்றுதான். கல்லாவும் சட்டைப்பையும் வேறு வேறு. வீட்டுக்கு எடுத்தால் எழுதி எடு. சரக்குக்குப் போட்ட விலை, விற்கும் விலை, எது குறைவோ அதை எழுது. வராத கடனை வராது என்று எழுது, கடன்காரர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தாலும். இந்த மூன்றோடு, பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று மாதம் ஒரு தாள் சேர்த்தால் இன்னும் நல்லது. இதற்கு லண்டன் போக வேண்டாம், டெல்லி போக வேண்டாம். எழுதியதைத் தம்பி கேட்கும்போது அப்படியே எடுத்துக் காட்டத் தைரியம் வேண்டும். அதற்கு மட்டும் எந்த வாரியமும் இன்னும் தரநிலை எழுதவில்லை.